பெட்டியின் விலையில் சேராத உயிர்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியில் ‘உராய்வு’ என்ற சொல் தவறாமல் வந்துவிடும். சொல் பொய்யில்லை. அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த மருந்து சிறு உராய்விலும் பற்றிக்கொள்ளும். ஆனால் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் அதற்கு மேல் ஆட்கள் ஏன் இருந்தார்கள், அறைக்கு வெளியே மரத்தடியில் ஏன் மருந்து செலுத்தினார்கள் என்பதற்கு உராய்வில் விடை கிடையாது. கேட்டால், தொழில் வளரும் காலத்தில் உயிர்ச்சேதம் இருக்கத்தான் செய்யும், அமெரிக்காவே அப்படித்தான் வளர்ந்தது, செழிப்பு வந்தால் பாதுகாப்பு பின்னாலேயே வரும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அமெரிக்க வரலாறு சொல்வது இதற்கு நேர்மாறானது.

1870 இல் அந்த நாடு வார்த்த எஃகு ஒரு லட்சம் டன்னைத் தொடவில்லை. 1900 இல் அது ஒரு கோடி டன். செழிப்புக்குக் குறைவே இல்லாத அந்த முப்பது ஆண்டுகளில் ரயில்வே தொழிலாளிகள் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு பெட்டிகளை இணைக்க, நடுவே ஆள் நின்று கையால் ஆணியைச் செருக வேண்டும். விரல் போனவர்களும் நசுங்கிச் செத்தவர்களும் ஏராளம். தானாகவே கொளுவிக்கொள்ளும் கொக்கிக்கு 1873 இலேயே காப்புரிமை பெறப்பட்டுவிட்டது. கருவி இருந்தது, பணமும் இருந்தது. ஆனாலும் 1893 இல் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தும்வரை பெரும்பாலான கம்பெனிகள் அதை மாட்டவில்லை. ஒரு தொழிலாளி போனால் இன்னொருவர் கிடைப்பார், கொக்கிக்கோ காசு கொடுக்க வேண்டும். நீதிமன்றங்களும், ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தான் என்று முதலாளி பக்கமே சாய்ந்தன. 1911 இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் ஆலையில் 146 பேர் தீயில் மாண்டார்கள். அதே ஆண்டில் விஸ்கான்சின் மாநிலம், யார் தவறு என்று பார்க்காமல் முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்ற ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவர, மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. விபத்து முதலாளியின் கணக்கில் ஏறிய பிறகுதான் அதைத் தடுப்பது லாபமான காரியமாயிற்று.

சிவகாசிக்கு இதைவிட நெருக்கமான கதை அமெரிக்கத் தீப்பெட்டியின் கதை. 1881 இல் பல ஆலைகள் ஒன்றாகி டயமண்ட் மேட்ச் கம்பெனி உருவாயிற்று. அக்காலத் தீக்குச்சியில் இருந்த வெள்ளை பாஸ்பரஸ் தொழிலாளிகளின் தாடை எலும்பை அழுகச் செய்தது. பின்லாந்து 1872 இலேயே அதைத் தடை செய்துவிட்டது. அமெரிக்கா நாற்பது ஆண்டு கழித்து, 1912 இல் கையில் எடுத்த ஆயுதம் தடையல்ல, வரி. நூறு குச்சிக்கு இரண்டு சென்ட் வரி விழுந்ததும் விஷக் குச்சி கட்டுப்படியாகாமல் போயிற்று. மாற்று ரசாயனத்தின் காப்புரிமையை டயமண்ட் நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே எல்லோருக்கும் விட்டுக்கொடுத்திருந்ததால் சிறு ஆலைகளும் தப்பின.

வரியால் தொழிலுக்கு உருவம் கொடுக்க முடியும் என்பதைச் சிவகாசிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய 1923 ஐ ஒட்டித்தான் ஸ்வீடனின் இயந்திரத் தீப்பெட்டி நிறுவனமும் விம்கோ என்ற பெயரில் இந்தியாவில் கால் ஊன்றியது. 1934 இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. கையால் செய்யும் சிறு ஆலைகளுக்குப் பின்னாளில் கிடைத்த குறைந்த வரி விகிதம் இல்லாமல், விம்கோவின் இயந்திரங்களுக்கு முன் கரிசல் காட்டுத் தீப்பெட்டி ஆபீஸ்கள் நின்றிருக்க முடியாது. அந்தச் சலுகை நியாயமானது. அதோடு ஒரு கெட்ட பழக்கமும் வந்தது: சலுகைக்காக ஒரே ஆலையைக் காகிதத்தில் பலவாகப் பிரித்துக் காட்டுவது. பட்டாசில் இன்று நடக்கும் உள்குத்தகை அதற்குத் தம்பி முறை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வாடகைக்கு எடுத்துப் பீஸ் ரேட்டுக்கு ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் வேறொருவர். தீபாவளி நெருங்க நெருங்க அவசரம் ஏறும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பின்னும் முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து உதவித்தொகை அறிவிக்கப்படுகிறது. குடும்பங்களுக்கு அது வேண்டும்தான். ஆனால் அந்த நிதி யாருடைய லாபத்திலிருந்தும் வரவில்லை. விற்ற பட்டாசின் விலையில் அந்த உயிர்களுக்குக் கணக்கே இல்லை. ஆகவே நான் கேட்பது இதுதான்: ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பெட்டியிலும் விபத்துக் காப்பீட்டுக் கட்டணம் சேர வேண்டும். விதிகளைக் காக்கும் ஆலைக்கு அது குறைய வேண்டும், உள்குத்தகை கண்டால் பல மடங்கு ஏற வேண்டும். யார் வாடகைக்கு எடுத்திருந்தாலும் உரிமம் வைத்திருப்பவரே பொறுப்பு.

தொழிலாளிகள் அலட்சியமாக இருக்கிறார்களே என்பார்கள். பீஸ் ரேட்டில் வேலை வாங்கிவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. சிறு ஆலைகள் மூடிவிடும் என்ற அச்சத்தை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாது. 2018 இல் உச்ச நீதிமன்றம் காற்று மாசு வழக்கில் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்ததிலிருந்து இந்த வட்டாரம் நொந்துபோயிருக்கிறது. தில்லிக் காற்றின் கேட்டுக்குத் தாங்கள் ஏன் பலி என்று இங்குள்ளவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு இந்த ஒரே வட்டாரத்திலிருந்து போகும்போது, எல்லா ஆலைக்கும் பொதுவான செலவை யாரும் தனியாகச் சுமக்கப் போவதில்லை. வாங்குகிறவரின் விலையில் அது சில ரூபாய். கந்தகத்தோடு குளோரேட்டைக் கலப்பதை 1992 இல் தடை செய்தபோதும் தொழில் மூடிப்போகவில்லை.

கெடுபிடி கூடினால் வேலை வீடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும் என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம். திடீர் சோதனைக்கு அப்படி ஒளிவது உண்மை. எனவேதான் சோதனையைவிடக் கணக்கை நம்புகிறேன். கட்டண முத்திரை இல்லாத பெட்டியை வாங்கினால் மொத்த வியாபாரியின் உரிமம் போகும் என்றால், வீட்டில் செய்த சரக்குக்குச் சந்தை சுருங்கும். இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் 1923 இலேயே இயற்றப்பட்டது. ஒப்பந்தக்காரர் வைத்த ஆளுக்கும் மூல முதலாளியே பொறுப்பு என்று அதிலேயே சொல்லியிருந்தது. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பெண், தான் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தேன் என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? காப்பீட்டுக்காகவாவது தினமும் காலையில், மருந்து அறை திறக்கும் முன்பே, அந்தப் பெயர் எழுதப்பட வேண்டும்.