கட்டி சிறிதாக இருக்கும்போதே

பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,
கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம்,
கெட்டம்பே, பேராதனை.

மதிப்புக்குரியீர்,

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் பூனைக்கு மடியில் புற்றுநோய்க் கட்டி. என்ன வழி என்று தேடத் தொடங்கிய பிறகு தெரிந்துகொண்டவை, முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. அதனால்தான் இந்த மடல்.

பூனையின் மடியில் வரும் கட்டிகளில் பத்தில் எட்டு, ஒன்பது புற்றாகவே இருக்கின்றன. இரண்டு சென்ரிமீற்றரை எட்டும் முன் வெட்டி எடுத்தால் பல பூனைகள் மூன்று ஆண்டுகள் வரை, அதற்கு மேலும் வாழ்கின்றன. மூன்று சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டால் அந்தக் காலம் மாதக்கணக்காகச் சுருங்குகிறது. வெள்ளைப் பூனைகளுக்கு வெயிலால் காது நுனியில் வரும் புற்றையும் தொடக்கத்திலேயே வெட்டி எடுத்துக் குணப்படுத்தலாம். குடலில் மெதுவாக வளரும் லிம்போமா வகைப் புற்றுக்குக் குளோரம்பியூசில், பிரெட்னிசொலோன் மாத்திரைகள் கொடுத்தால், பல பூனைகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நலமாக இருக்கின்றன.

மனிதருக்கே மருந்து போதாத நாட்டில் பூனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையா என்று கேட்பார்கள். 2022 நெருக்கடியில் புற்றுநோயாளர்கள் மருந்துக்கு அலைந்ததை நாம் மறக்கவில்லை, கேள்வி நியாயமானது. ஆனால் நான் கேட்பவற்றுள் விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை. பூனைக்குப் பெரும்பாலும் உயிர் தருவது நேரத்தோடு செய்யும் சத்திரசிகிச்சை. அதற்கு வேண்டியது அறிவுறுத்தல்.

முதலாவது, தடுப்பு. ஆறு மாதத்துக்கு முன் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பெண் பூனைக்கு மடிப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைகிறது. மாறாக, குட்டி போடாமலிருக்கப் போடும் ஹோர்மோன் ஊசி அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. ஊசி போடும் இடத்திலேயே இதைச் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைச் செலவைத் தாங்க முடியாத தோட்டக் குடியிருப்புகளுக்குக் கருத்தடை முகாம்கள் போக வேண்டும்.

இரண்டாவது, பரிசோதனை. பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்கு வரும் எந்தக் கட்டியையும் "பொறுத்துப் பார்ப்போம்" என்று விடாமல், ஊசியால் மாதிரி எடுத்துப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். தேவையானவர்களைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். நாட்டின் மிருக வைத்திய பீடம் நம் கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கையேடு. வெட்டலாமா, மருந்து கொடுக்கலாமா, வலியை மட்டும் தணிக்கலாமா, வேதனை மிஞ்சும்போது எப்போது விடைகொடுப்பது, ஒவ்வொன்றுக்கும் செலவென்ன என்று அது சொல்லட்டும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பரசிட்டமோலைக் கொடுத்தால் பூனை செத்துப்போகும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பிள்ளையைப் போல வளர்த்த உயிருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு வருபவருக்குத் தெளிவான பதில் கிடைப்பது சலுகையல்ல, பொதுச்சேவை. இந்த மூன்றையும் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பிட்டியவிலிருந்து ஒரு பூனை வளர்ப்பாளர்