மாளிகையில் குடியேறிய நெசவாளி



சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், அங்குப் பணிபுரியும் மருமகனின் அழைப்பின் பேரில், பிரான்சு நாட்டின் லியோன் நகரைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கண்டவை பல. எனினும், பழைய நகர்ப் பகுதியிலுள்ள கடாஞ் மாளிகை ஒன்றே நெஞ்சைவிட்டு அகலவில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கல் மாளிகை அது. நடுவே முற்றம், முற்றத்தில் கிணறு, மேலே ஏறச் சுழற்படிகள். புளோரன்சிலிருந்து வந்த பெருஞ்செல்வரான வங்கியர் குடும்பம் 1545இல் அதனை வாங்கியது. அவர்கள் பெயரே இன்றும் நிலைத்துள்ளது. இப்பொழுது அங்கே நகர வரலாற்றுக் காட்சியகமும் பொம்மலாட்டக் காட்சியகமும் ஒரே கூரையின்கீழ் இயங்குகின்றன.

வங்கியரின் மாளிகையில் யாருடைய பொம்மைக்குச் சிறப்பிடம் தெரியுமா? கினியோல் என்னும் ஏழைப் பட்டு நெசவாளிக்கு! இக்கைப்பாவையை ஏறத்தாழ 1808இல் படைத்தவர் லோரான் மூர்கே. இவர் 1769இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பட்டுத் தொழில் நலியவே, பிழைப்புக்காகப் பல் பிடுங்கும் தொழிலில் இறங்கினார். நோயாளிகளை ஈர்க்கவே பொம்மை ஆட்டினாராம். (பல்வலிக்காரர் சிரித்திருப்பாரா என்பது வேறு கேள்வி.) கினியோலின் தோழன் ஞாஃப்ரோன், செருப்புத் தைப்பவன், மதுப்பிரியன். அவனைக் கண்டதும் நம் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசல் நினைவில் எழுந்ததை மறைப்பானேன்?

அப்பொம்மைகள் தொழிலாளரின் பேச்சைப் பேசின. வீட்டுக்காரனையும் காவலரையும் எள்ளி நகையாடின. ஆட்சியாளர் இதனைப் பொறுப்பரோ? 1852இல் பொம்மலாட்ட வசனங்களையும் எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெறவேண்டும் என விதித்தனர். அதற்குச் சற்று முன்னர், 1831இல், துணிக்குரிய கூலியை நிர்ணயிக்கக் கோரி லியோன் நெசவாளர் கிளர்ந்தெழுந்த வரலாற்றையும் அந்நகரம் மறைக்கவில்லை; தன் கதையில் ஒரு பகுதியாகவே போற்றுகிறது.

இங்கேதான் நம் உள்ளம் வேதனையுற்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் நடத்திய வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது, லயங்கள் இடிந்தன. நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு தோட்டத்தில், பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்த பழைய செக்குரோல் ஏடுகளைக் குப்பையோடு எரித்தனர். அதனைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுள் நாமும் ஒருவர். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நாம் கேட்கவில்லை.

“ஓட்டை வாளிக்கும் துருப்பிடித்த சீவுகத்திக்கும் காட்சியகமா?” என்று பெற்றோர் சிலர் நகைக்கின்றனர். பட்ட துன்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவானேன் என்று வருந்துவோரும் உளர். அவர்களின் மனத்தை நாம் மதிக்கிறோம்; ஆயினும் அக்கருத்தை ஏற்பதற்கில்லை. லியோன் நெசவாளியும் வறியவனே. அவனை மறைத்திருந்தால், அம்மாளிகையில் வங்கியர் கதை மட்டுமே எஞ்சியிருக்கும்.

பொருளைக் கண்ணாடிக்குள் பூட்டினால் மட்டும் போதாது. கை நுழையாத பாவை வெறும் மரமும் துணியுமே. லியோனில் கினியோல் இன்றும் மேடையில் ஆடுகிறான், பிள்ளைகள் சிரிக்கின்றனர். ஆகவே, ஒவ்வொரு பொருளோடும் அதனைப் பயன்படுத்தியவரின் பெயரும், அவர் வாய்மொழியாகச் சொன்ன செய்தியும் சேரவேண்டும். எழுதவேண்டியவர் மாணவர், சொல்லவேண்டியவர் தாத்தா பாட்டியர்.

நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒழித்துள்ளோம். மங்கு, காண்டாக் கட்டை, பால் வாளி, பழைய சம்பளச் சீட்டு, திருமணப் படம் என எதுவாயினும் கொணர்க. கடனாகத் தரினும் ஏற்போம், பற்றுச்சீட்டு வழங்குவோம்.

முதற்பொருள் வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியின் மங்கைக் கொணர்ந்தாள். அடியில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்திருந்தது. கழுவித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் அம்மா என்று வாங்கி, அவ்வாறே வைத்துள்ளோம்.