திரைக்குப் பின்னால் நின்றவர்

வார இறுதியென்றால் எம்மவர் வாழும் நகரங்களில் ஏதாவதொரு மண்டபத்தில் கலைவிழா நடைபெறுகின்றது. நடித்தவருக்குக் கைதட்டல், பேசியவருக்குப் பொன்னாடை. ஒப்பனைப் பெட்டியைக் காவி வந்தவரும், திரையை இழுத்தவரும், பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவரும் நன்றியுரையின் கடைசி வரியில், அதுவும் நேரமிருந்தால் மட்டுமே, நினைக்கப்படுகின்றனர். மேடையில் தோன்றுபவரே கலைஞர் என்னும் எண்ணம் எம்மிடையே ஊறிப்போயுள்ளது. அவ்வெண்ணம் எத்துணை தவறானது என்பதைச் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கை உணர்த்துகின்றது.

1867 இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். சிறிதுகாலம் கணக்கராகப் பணியாற்றியபின், 24 ஆவது வயதில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்களில் பார்ப்போரை நடுங்கவைத்தார். விடியற்காலையில் வேடம் கலையாதிருந்த அவரைக் கண்டு அஞ்சிய ஒரு கர்ப்பிணியின் கரு சிதைந்ததென்றும், அத்துயரால் அவர் வேடம் புனைவதையே கைவிட்டாரென்றும் சொல்லப்படுகின்றது. அவரது பெரும்பணியோ வேடமின்றிச் செய்த பணியேயாகும்.

நாடகத்தைத் தொடக்கிவைத்து நெறிப்படுத்தும் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் அவர் பல சபைகளில் உழைத்தார். நடிகர்கள் தத்தம் மனம்போனபடி பாடியும் பேசியும் வந்த காலத்தில், பாடலையும் உரையாடலையும் எழுத்தில் வரையறுத்துக் கொடுத்தார். அவர் எழுதியவை அறுபதுக்கும் மேற்பட்டவை என்பர். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். பின்னாளில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கு பயின்றவர்களே. பெற்றோரைப் பிரிந்து அச்சபைகளில் வளர்ந்த சிறுவர்கள் அனுபவித்த கண்டிப்பை நாம் போற்றவில்லை. ஆயினும் அங்கு பெற்ற பயிற்சியே அவர்களுக்கு வாழ்நாள் முதலாயிற்று. வாதநோயால் முடங்கிய சுவாமிகள், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

அவர் அமைத்த ஒழுங்கின் பயனை மதுரை வட்டாரத்து ‘ஸ்பெஷல்’ நாடகங்களில் காணலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள், ஒத்திகை எதுவுமின்றி, அன்றிரவே ஒன்றுகூடி விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ நடத்துவர். முன்பின் அறிமுகமில்லாதோரும் இணைந்து நடிப்பதற்குக் காரணம், ஒரே பாடம் எல்லோர் நெஞ்சிலும் பதிந்திருப்பதே. சிதறிக் கிடப்போரை ஓரிரவிலேனும் ஒரு குழுவாக்கும் வல்லமை அப்பாடத்துக்கு உண்டு. சிதறிக் கிடக்கும் எமக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல்கடந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. அவற்றின் வழியே அங்கு இசைநாடகம் வேரூன்றியது. ‘அரிச்சந்திர மயானகாண்டம்’ என்றதும் நினைவுக்கு வரும் நடிகமணி வி.வி. வைரமுத்து அம்மரபிலே வளர்ந்தவர். அவரது ஆட்டத்தை விடியவிடியப் பார்த்தவர்களும், ஆர்மோனியத்தின் அருகிலிருந்து பாட்டைப் பாடமாக்கியவர்களும் எமது வீடுகளில் முதியோராக வாழ்கின்றனர். பேரப்பிள்ளைகளின் மொழி விளங்காமல், பேச ஆளின்றி, யன்னலோரம் அமர்ந்திருக்கும் அவர்களிடம் நாம் எதையும் கேட்பதில்லை. அவர்களோடு அப்பாடல்களும் போய்விடும்.

ஆகவே எமது வேண்டுகோள் இரண்டு. கலைவிழாவுக்கு மண்டபம் தேடுமுன், வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு பாடலைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள்; எழுதியும் வையுங்கள். அடுத்த விழாவின் அழைப்பிதழில், பழக்கியவரின் பெயரையும் திரையிழுத்தவரின் பெயரையும் நடிகரின் பெயருக்கு அருகிலேயே அச்சிடுங்கள். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. வதிவிட அனுமதியும் வேண்டியதில்லை. மனம் மட்டுமே வேண்டும்.