கொங்கு நாட்டில் எங்கே சாப்பிடுவது?

கோடை விடுமுறை நெருங்கினால் நமது குடும்பங்களில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிடுகின்றன. ஒரு கட்சி கடற்கரைக்குப் போகவேண்டும் என்கிறது; மற்றொன்று மலைக்குப் போகவேண்டும் என்கிறது. கோயம்புத்தூரில் கடல் கிடையாது. மலை வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் போய் ரயில் ஏறவேண்டும். ஆகையால் கோவையைப் பார்ப்பதற்கென்றே யாரும் பெட்டி படுக்கை கட்டுவதில்லை. ஊட்டிக்கோ பாலக்காட்டுக்கோ போகும் வழியில் ஒரு வேளை இறங்குகிறார்கள். இறங்கியதும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு ஊர்க்காரர்கள் ஒரே குரலில் பதில் சொல்லுகிறார்கள். பதில் சரியானதே. ஆனால் அது பாதிப் பதில் என்பது நமது அபிப்பிராயம். மற்றப் பாதியையும் சேர்த்துச் சொல்லவே இந்த வாரம் முன்வந்திருக்கிறோம்.

முதல் பாதி அன்னபூர்ணா. தாமோதரசாமி நாயுடு தம் சகோதரர்களுடன் சேர்ந்து 1968 இல் ஆரம்பித்த ஹோட்டல் இன்று நகரமெங்கும் கிளை விட்டிருக்கிறது. அங்கே இட்லியைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. சாம்பாரைப் பற்றித்தான் பேச்செல்லாம். மற்ற ஊர்களில் இட்லிக்குத் துணையாகச் சாம்பார் வரும். இங்கே சாம்பாருக்கு ஒரு சாக்காக இட்லி வருகிறது என்று சொன்னால் பிசகில்லை. கிண்ணத்தில் இட்லி மூழ்கிக் கிடக்க, மேலே நெய்யும் கொத்தமல்லியும் மிதக்க, அதைக் கரண்டியால் உண்ணும் பெரியவர்களைக் காலை ஏழு மணிக்குப் பார்க்கவேண்டும். அவர்கள் முகத்தில் தோன்றும் சாந்தம் பேரூர்க் கோயிலிலிருந்து திரும்புகிறவர்கள் முகத்தில்கூடத் தோன்றுமா என்பது சந்தேகம்.

இந்த ருசிக்குக் காரணம் சிறுவாணித் தண்ணீர் என்பது உள்ளூர்ச் சித்தாந்தம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வருகிற அந்தத் தண்ணீர் மிகவும் நல்ல தண்ணீர்தான். உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று கோவைவாசிகள் அடித்துச் சொல்லுவார்கள். யார் குடித்துப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் விருந்தோம்பல் குறைந்துவிடும்!

அடுத்தது இனிப்பு. 1948 இல் என். கே. மகாதேவ ஐயர் இந்த ஊரில் தொடங்கிய ஸ்ரீகிருஷ்ணா ஸ்வீட்ஸ் என்ற கடையைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. கல்லைப்போல் உடையும் பழைய மைசூர்பாகு இங்கே நெய்யில் ஊறி, நாவில் பட்டதும் கரைகிற மைசூர்பாவாக மாறியது. பல் விழுந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் அந்த நூற்றாண்டில் யாரும் செய்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். வழியில் திறக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவரவர் மனோதிடத்தைப் பொறுத்தது.

சாம்பாரும் மைசூர்பாவும் கோவையின் கீர்த்தியே. எனினும் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? இரண்டுமே கொங்கு நாட்டின் சொந்தச் சமையல் அல்ல. கொங்கு நாடு பெரும்பாலும் புன்செய் நிலம். பவானியும் காவிரியும் அமராவதியும் தொட்ட இடங்களில் நெல் விளைந்தது. 13 ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் இன்றும் ஈரோட்டுப் பக்கம் பாய்கிறது. மற்றப்படி கம்பு, சோளம், ராகி, கொள்ளு, நிலக்கடலை இவைதாம். மோரில் கரைத்த கம்பஞ்சோறும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் இருந்தால் உழவர் நண்பகல் வெய்யிலைப் பொருட்படுத்தமாட்டார். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்களே, அந்தக் கொள்ளைக் குதிரைக்கு மட்டும் விட்டுவிடாமல் பருப்பாகக் கடைந்தும், ரசமாக வைத்தும், துவையலாக அரைத்தும் உண்ணத் தெரிந்தவர்கள் கொங்கு நாட்டார்.

வீடுகளில் சாதாரணமாக இரவுக்கு ஆக்குவது அரிசியும் பருப்பும். அரிசியையும் துவரம்பருப்பையும் சேர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள் போட்டு ஒரே பானையில் வேகவைத்து, நெய்யை ஊற்றி இறக்குகிற சோறு அது. எளிமையில் அதற்கு நிகரில்லை. சந்தகை என்பதோ எளிமைக்கு நேர் எதிரிடை. புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, மாவை இட்லிபோல் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மணையில் இட்டுப் பிழியவேண்டும். சூடு ஆறிவிட்டால் மாவு அசையாது. ஒருவர் பலங்கொண்ட மட்டும் அழுத்த, இன்னொருவர் கீழே தட்டுப் பிடிக்கவேண்டும். நூல் நூலாக விழுவதைத் தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்து உண்ணலாம். எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தும் உண்ணலாம். மருமகப்பிள்ளை வந்தால் சந்தகை பிழியாத வீடு ஒரு காலத்தில் கொங்கு நாட்டில் இல்லை.

இப்போது ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு கோவையில் ஒரு பெரிய ஹோட்டலில் உட்கார்ந்து, அரிசியும் பருப்பும் உண்டா என்று விசாரித்தோம். பரிமாறுகிறவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "அது வூட்ல ஆக்கறதுங்க. கடையில யாருங்க கேப்பாங்க?" என்றார். அவர் சொன்னதில் கேலியே இல்லை. நோயாளிக்கு வைக்கும் கஞ்சியைக் கல்யாண வீட்டில் கேட்டவனைப் பார்ப்பதுபோல, நம் பேரில் அவருக்கு உண்மையாகவே இரக்கம் உண்டாகிவிட்டது. வடக்கத்திப் பெயருடைய பதார்த்தங்கள் அந்த ஹோட்டலின் பட்டியலில் நாற்பதுக்குக் குறையவில்லை.

வீட்டுச் சோற்றுக்குக் காசு கொடுப்பதா என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். சரித்திரமும் ஒரு காரணம். 1888 இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932 இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன் பின் மில்களும் பட்டறைகளும் பெருகின. வேலைக்கு வந்தவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஹோட்டல் தேவையாயிற்று. பாலக்காட்டாரும் உடுப்பிக்காரரும் காபி கிளப் வைக்கும் வித்தையை முன்னமே அறிந்தவர்கள். ஆகவே ஹோட்டல் என்றால் இட்லி, தோசை, காபி என்பது நிலைத்துவிட்டது. அதே மின்சாரம் கிணறுகளுக்கும் போய், பம்புசெட்டு ஓடத் தொடங்கியதும், கம்பு விளைந்த காட்டில் பருத்தியும் கரும்பும் தென்னையும் நின்றன. வயலிலிருந்து கம்பு போயிற்று. பிறகு அடுப்பிலிருந்தும் போயிற்று.

இங்கே வேறொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய காபி கிளப்புகளைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறவர்கள், அவற்றில் பலவற்றின் வாசலில் தொங்கிய "பிராமணாள்" என்ற பலகையை மறந்துவிடுகிறார்கள். ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில்கூடச் சாதிக்கொரு பகுதி இருந்து, 1941 இல்தான் நீங்கியது. ஈரோட்டுக்காரரான பெரியார் 1957 இல் சென்னையில் முரளி கபே என்ற ஹோட்டலுக்கு முன்னால் பல நாள் கிளர்ச்சி நடத்தினார். வீட்டுச் சாப்பாட்டின் கதை இன்னும் கடுமை. சந்தகை பிழிந்து விருந்தாளியை வற்புறுத்தி உண்பித்த அதே வீட்டின் திண்ணையைத் தாண்டி உள்ளே வரக்கூடாதவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். கொங்கு நாட்டுக் கிராமத் தேநீர்க் கடைகள் சிலவற்றில், அவர்களுக்கென்று தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை வழக்கம் இருபத்தோராம் நூற்றாண்டிலும் இருந்ததென்பது வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டிய செய்தி. வீட்டு ருசி கடைக்கு வரவேண்டும் என்று நாம் ஆசைப்படுவதற்கு இதுவே முக்கிய காரணம். கடையில் இலை போட்டால், பெயரும் குலமும் கேளாமல் போடவேண்டும். வந்தவர் யாரானாலும் அரிசியும் பருப்பும் கிடைக்கவேண்டும்.

சந்தோஷமான விஷயம் என்னவென்றால், இது நடக்கத் தொடங்கியிருக்கிறது. சொல்லப்போனால் அசைவ உணவு விடுதிகளே இதில் முந்திக்கொண்டன. 1960 இல் ஈரோட்டில் ஆரம்பித்த ஜூனியர் குப்பண்ணா அதற்குச் சிறந்த உதாரணம். வீட்டு அம்மிச் சமையலை வாழையிலையில் போட்டுப் பெயர் வாங்கிய அவர்கள் இப்போது சென்னை, பெங்களூர் வரை போயிருக்கிறார்கள். அங்கே "பிச்சுப் போட்ட கோழி" என்ற வறுவலுக்குத் தனி மதிப்பு. ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பெயராலேயே வழங்கும் கோழி வறுவலில் சாமான் மிகக் குறைவு: கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், மஞ்சள், எண்ணெய், உப்பு. பட்டை கிராம்பு கிடையாது. மசாலாப் பொடி கிடையாது. மறைத்து வைக்க ஒன்றுமில்லாத சமையல் என்பதால் கோழி நாட்டுக்கோழியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வேஷம் உடனே கலைந்துவிடும்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் சீனாபுரத்தில் இருக்கும் "யு.பி.எம். நம்ம வீட்டுச் சாப்பாடு" இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. பெயருக்கேற்ப வீட்டுக்காரர்களே விருந்தினரை உபசரிக்கும் இடம் அது. அகன்ற இலையில் ஆடும் கோழியும் மீனும் பல விதமாக வந்து விழுகின்றன. "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்ற கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்பே கரண்டி கவிழ்ந்துவிடும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சாயங்காலத்துக்கு வேறு காரியம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது அதைவிட நல்லது.

சைவ ஹோட்டல்களிலும் சில வருஷங்களாக அரிசியும் பருப்பும், சந்தகை, கொள்ளு ரசம் எல்லாம் தலைகாட்டுகின்றன. தலைகாட்டுகின்றன என்றுதான் சொல்கிறோம். எல்லா நாளும் இருப்பதில்லை. பட்டியலில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். இன்று இல்லையென்றாலும், பத்துப் பேர் கேட்டால் நாளைக்கு அடுப்பில் ஏறும். நாம் அந்தப் பெரிய ஹோட்டலில் கேட்டபோது முதல் ஆளாகப் போய்விட்டோம் போலிருக்கிறது.

தெருச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சாயங்காலமானால் தள்ளுவண்டிகளில் காளான் என்று ஒன்று விற்கிறார்கள். முட்டைக்கோஸும் மாவும் எண்ணெயில் பொரிந்து, சிவந்த குழம்பில் மிதக்கும். அதில் காளானைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு. பையன்கள் உயிரை விடுகிறார்கள்; பெற்றோர் ஒரு தட்டோடு நிறுத்திக்கொள்வது உசிதம்.

கோவையில் தேநீர்க் கடைக்குப் பெயர் பேக்கரி. மூலைக்கு மூலை இருக்கும் இந்தக் கடைகளில் தேநீருக்குத் துணையாகப் பன்னும் பப்ஸும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும். இந்தப் பன் ஒரு சமயம் தேசப் பிரச்னையாகவே ஆகிவிட்டது. 2024 செப்டம்பரில் மத்திய நிதி மந்திரி கோவைக்கு வந்து தொழில் துறையினரைச் சந்தித்தபோது, அன்னபூர்ணாவின் தலைவர் எழுந்து, வெறும் பன்னுக்கு வரியில்லை, அதற்குள் கிரீமை வைத்தால் 18 சதவீதம் வரி, இதனால் வாடிக்கைக்காரர்கள் இரண்டையும் தனித்தனியே கேட்கிறார்கள் என்று வேடிக்கையாக முறையிட்டார். சபை சிரித்தது. பிறகு அவர் மந்திரியைத் தனியாகச் சந்தித்து வருத்தம் தெரிவித்த படம் வெளியாகி, நாடெங்கும் பேச்சாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் முதலானவற்றின் வரி 18 இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சமையற்கட்டில் நிற்பவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாலக்காட்டுப் பக்கம் போகிறவர்கள் ராமசேரியில் இறங்காமல் போகவேண்டாம். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருந்தாலும், தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இட்லி சுட்டு வருகிறார்கள். பானை வாயில் நூல் வலை கட்டிய மண் வளையத்தை வைத்து, அதன்மேல் துணி விரித்து வேகவைக்கும் அந்த இட்லி, தோசையைப்போல் தட்டையாகவும் பஞ்சைப்போல் மெத்தென்றும் இருக்கும். தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி போதும்.

ஊட்டி ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் காலை ஏழு மணியளவில் புறப்பட்டுவிடுகிறது. கோவையில் ஆற அமரச் சாம்பார் இட்லி உண்டுவிட்டு அதைப் பிடிப்பது நடவாத காரியம். ஆகையால் மலைக்குப் போகும்போது அவசரம் வேண்டாம். இறங்கி வரும்போது ஒரு பகல் முழுவதையும் கொங்கு நாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். வெறும் வயிற்றோடு இறங்குங்கள்.