இடையில் நிற்கும் நீர்

நன்றாகக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்திய காரின் பானெட்டின் மேல், மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை நுழைத்து விரல் நுனிகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கண்ணுக்குக் கண்ணாடி போலத் தோன்றிய பரப்பு ஸ்பரிசத்துக்கு உப்புத்தாளாகச் சொரசொரப்பதை எவரும் உணரலாம். ரயில் சக்கரமும் தண்டவாளமும் உராய்வதால் காற்றில் பறந்து வந்து அமர்ந்த இரும்புத் துகள், பிரேக்கிலிருந்து உதிரும் தூள், புதிதாகப் போட்ட சாலையின் தார்த் துளி, மரம் சொரிந்த பிசின், பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்பிரே அடித்தபோது மிதந்து வந்த பெயிண்டுப் பொடி ஆகிய இவையெல்லாம் வர்ணத்தின் மேல்தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்க, சோப்பு நீரும் துணியும் அவற்றின் தலையைத் தடவிவிட்டுப் போகின்றனவேயன்றி வேரை அசைப்பதில்லை. கிண்டியிலும் பரங்கிமலையிலும் ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள், கதவின் மேல் ஊசிமுனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள் அரும்புவதைக் கண்டு, புது வண்டி அதற்குள் துருப்பிடித்துவிட்டதே என்று மனம் பதறுவதுண்டு. துருப்பிடித்தது வண்டியன்று, வர்ணத்தில் வந்து தைத்த அந்நிய இரும்பு.

இத்துகள்களைப் பெயர்த்தெடுக்கும் உபாயமாக டீட்டெயிலிங் கடைகளில் வழங்கிவரும் கிளே பார், பெயரளவில்தான் களிமண். ரப்பரைப் போல இழுபடும் செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய அராவுப்பொடியைக் கலந்து பிசைந்த பதார்த்தம் அது. ஜப்பானில் உருவாகி, தடாவோ கொதாதே என்பவரின் பெயரில் 1990களில் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, பிறகு உலகெங்கும் பரவிய அக்கட்டி, வர்ணத்தின் மேல் வழுக்கிச் செல்கையில் பரப்புக்கு மேல் துருத்தி நிற்பவற்றை மட்டும் பற்றி இழுத்துத் தன்னுள் புதைத்துக்கொண்டு, கீழேயுள்ள வர்ணத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறது. இவ்வாறு தொடாமல் விடுவது களிமண்ணின் மேன்மை என்றெண்ணி, உயர்ந்த களிமண் எது என்று விசாரிப்பவர்கள் அநேகர். ஆனால் அந்த உபகாரத்தைச் செய்வது களிமண்ணுக்கும் வர்ணத்துக்கும் இடையில் மெல்லிய படலமாக நிற்கும் மசகுநீரே என்பதும், வாங்குகிறவர் தம் விசாரணையில் பாதியையேனும் அதற்காகச் செலவிட வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

இந்த உண்மை நம்மவர்களுக்குப் புதிதன்று. மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடாமல் ஒருவரும் சந்தைக்குப் புறப்பட்டதில்லை. சோப்பு நுரையைக் குழைத்துத் தடவாமல் எந்த நாவிதரும் முகத்தில் கத்தியை வைத்ததில்லை. சக்கரத்தின் முன் அமர்ந்த குயவரும் கையை நனைத்துக்கொள்ளாமல் மண்ணைத் தொட்டதில்லை. கூரிய கத்தியானாலும் மழுங்கிய கத்தியானாலும் நுரையின்றிச் சிரைத்தால் எரிச்சலே மிஞ்சும் என்று அறிந்திருக்கிற நாம், மனிதத் தலைமயிரின் தடிமனான சுமார் 70 மைக்ரானுக்கும் குறைவாக, பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் மட்டுமே தடித்த கிளியர் கோட் என்னும் மேற்பூச்சின் விஷயத்தில் அந்த அறிவை மறந்துவிடுவது வியப்புக்குரியது.

மறந்ததன் பலனை நான் அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என்னுடைய கறுப்பு நிறக் காரை ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டிருந்தபோது, அங்கே வேலை செய்த இளைஞர் கிளே கட்டியைக் கையில் எடுத்து, போர் தண்ணீர் நிரம்பிய பக்கெட்டில் ஒரு முறை முக்கி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பானெட்டின் மேல் வட்டவட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். முதல் இரண்டு சுற்றுக்குச் சத்தமில்லை. மூன்றாவது சுற்றில் ஈரச் செருப்பு மொஸைக் தரையில் இழுபடுவது போல் கீச்சென்று ஒரு ஒலி கேட்டது. கட்டி ஓரிடத்தில் நின்று, பிறகு துள்ளி நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் சாம்பல் நிறத் தீற்றல் ஒன்று ஒட்டிக்கொண்டது. அதை அழிக்க அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். அன்றிரவு வீட்டு வாசலில் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது, சிலந்தி வலை பின்னியது போன்ற மெல்லிய கீறல்கள் பானெட் முழுவதும் படர்ந்திருந்தன. அந்த இளைஞரின் மீது எனக்குக் கோபமில்லை. கட்டியை அவர் கையில் கொடுத்தவர்கள் அதனோடு கொடுக்க வேண்டிய நீரையும் அறிவையும் கொடுக்கவில்லை.

நீண்ட காலமாக வண்டிகளுக்கு வர்ணம் அடித்துவரும் பெயிண்டர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். எங்கள் பகுதியில் எல்லோரும் பாய் என்றே அழைக்கும் அப்பெரியவர், பானெட்டின் மேல் குனிந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்குச் சாய்வாக நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "களிமண்ணு என்ன சார் பண்ணும்? நடுவுல தண்ணி செத்துப்போச்சு." இந்தச் சாஸ்திரத்தின் சாரம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அவர் அடக்கிவிட்டதாக இன்றும் எனக்குத் தோன்றுகிறது. இடையிலுள்ள நீர் உயிரோடிருக்கும் வரையில் களிமண் துகளை மட்டும் தொடுகிறது. அது வற்றிய கணத்தில், தான் பிடித்துவைத்திருக்கும் மணலையும் இரும்பையும் கொண்டே வர்ணத்தை உழத் தொடங்குகிறது.

அப்படியானால் எந்த நீர் உயிரோடு நிற்கும் நீர்? வெறும் தண்ணீர் போதாது. அது பரப்பில் விரிந்து நிற்காமல் முத்துமுத்தாகத் திரண்டு ஓடிவிடும். அதிலும் கடலோரப் பகுதிகளின் உப்பேறிய போர் தண்ணீர், காய்ந்த இடத்தில் வெள்ளைக் கறையையும் விட்டுச் செல்லும். குளியல் சோப்பைக் கரைத்தால், கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து அது திரிதிரியாகப் பிரிந்து, வழுக்குவதற்குப் பதிலாக ஒட்டத் தொடங்கும். பாத்திரம் தேய்க்கும் திரவம் வழுக்கத்தான் செய்யும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதற்கென்றே பிறந்த பொருளாதலால், வர்ணத்தின் மேலுள்ள மெழுகையும் ரப்பர், பிளாஸ்டிக் விளிம்புகளின் மெருகையும் சேர்த்து உரித்துவிடும். ஆபத்துக்கு உதவலாமேயன்றி வழக்கமாகக் கொள்ளத் தக்கதன்று. கார் துடைப்பதற்கென விற்கும் ஸ்பிரே வகைகள் நல்லவைதாம் எனினும், ஆல்கஹால் மிகுந்தவை கட்டியை இளகச் செய்து வர்ணத்தின் மேல் ஈஷிவிடக் கூடும். மெழுகும் சிலிக்கோனும் கலந்தவை, நாம் நீக்க முயலும் அழுக்கின் மேல் ஒரு பளபளப்பைப் பூசி, வேலை முடிந்துவிட்டது என்ற பிரமையை விரலுக்கு உண்டாக்கிவிடும்.

எஞ்சுபவை மூன்று. மெழுகு கலவாத சாதாரண கார் ஷாம்பூவை, கழுவும்போது கலப்பதைவிடச் சற்று அடர்த்தியாகக் கரைத்த நீர் ஒன்று. அலசாமலேயே கழுவ உதவும் ரின்ஸ்லெஸ் திரவம் மற்றொன்று. களிமண்ணோடு சேர்த்து அதற்கென்றே விற்கும் மசகுநீர் மூன்றாவது. இவற்றுள் நடுவிலுள்ளதையே நான் விரும்புகிறேன். ஆப்டிமம் நோ ரின்ஸ் போன்ற திரவத்தில் ஒரு பங்குக்கு 64 பங்கு நீர் சேர்த்தால் களிமண்ணுக்கு ஏற்ற மசகு கிடைக்கிறது. அதையே 256 பங்கு நீரில் கலந்தால், ஒரு பக்கெட்டுத் தண்ணீரில் வண்டி முழுவதையும் கழுவி முடிக்கலாம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற சென்னைவாசிகளுக்கு, குழாயைத் திறந்துவிட்டு ஒரு காரைக் குளிப்பாட்டுவது எவ்வளவு பெரிய அலட்சியம் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கலப்பதற்கு ஆர்.ஓ. நீரோ சேமித்த மழைநீரோ கிடைத்தால் இன்னும் விசேஷம். ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் தேவைப்படாது. விலையுயர்ந்த தனி மசகுநீரை வாங்குவது பிழையன்று. அதை வாங்கிவிட்டு, விலையை நினைத்துச் சொட்டுச் சொட்டாகத் தெளிப்பதுதான் பிழை. தாராளமாக ஊற்றிய ஷாம்பூ நீர், கஞ்சத்தனமாகத் தெளித்த உயர்ந்த திரவத்தைவிட வர்ணத்தைச் சிறப்பாகக் காக்கும்.

மற்றவை கைப்பழக்கத்தைச் சார்ந்தவை. கழுவியவுடன் இரும்புத்தூள் நீக்கும் திரவத்தைத் தெளித்தால், துகள்களைத் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறமாக வழிந்தோடும். அதனால் களிமண்ணின் வேலையில் பெரும்பகுதி குறையும். வெயில் ஏறுமுன் விடிகாலையில், உலோகம் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது, இரண்டடிச் சதுரத்துக்கு மேற்படாத பகுதியை நனைத்துக்கொண்டு, கட்டியின் கனமே போதுமென்னும்படி, வட்டமாக அன்றி நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். கீச்சென்று ஒலி கேட்டாலோ, கட்டி தயங்கினாலோ, நிறுத்தி நீரைச் சேர்க்க வேண்டும். அடிக்கடி கட்டியை மடித்துப் பிசைந்து புது முகத்தைக் காட்ட வேண்டும். தரையில் விழுந்த கட்டியை, அது எத்துணைப் புதிதானாலும், மறு யோசனையின்றி எறிந்துவிட வேண்டும். முடிந்தபின் மெழுகு இடுவது அவசியம். ஏனெனில் களிமண் பழைய காப்பையும் உடன் எடுத்துச் சென்றிருக்கும். இவ்வளவையும் ஆண்டுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை, அதுவும் பாலிதீன் பைச் சோதனையில் விரல் சொரசொரப்பை உணர்ந்தால் மட்டுமே செய்தால் போதும்.

வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கைப் பற்றி இத்தனை விஸ்தாரமாக எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக் கூடும். ஆனால் கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுபவருக்கு அந்த வண்டியே மூலதனம். விற்கப் போகும் நாளில், தரகர் முதலில் தடவிப் பார்ப்பது பானெட்டைத்தான். காரை அன்னியர் கையில் ஒப்படைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகும் நம்மில் பெரும்பாலோர், என்ன களிமண் என்றுகூடக் கேட்பதில்லை. என்ன நீர் என்று கேட்பதோ அறவே இல்லை. கடை நடத்துவோர், விலைப்பட்டியலில் கிளே ட்ரீட்மெண்ட் என்று பெரிய எழுத்தில் போடுவதோடு நில்லாமல், எதைக் கொண்டு வழுக்கச் செய்கிறோம் என்பதையும் எழுதிவைக்கட்டும். தம்மிடம் வேலை கற்கும் பிள்ளைகளுக்குக் கட்டியைப் பிடிக்கச் சொல்லித்தருமுன், நீரைக் கலக்கச் சொல்லித்தரட்டும்.

என் வண்டியின் கீறல்களைப் பாய் பாலிஷ் போட்டுப் போக்கிக் கொடுத்தார். ஆனால் அதற்காக அவர் தேய்த்தெடுத்த மேற்பூச்சு திரும்பி வராது. ஆகவே அடுத்த முறை வண்டியை விட்டுவிட்டுப் புறப்படுமுன், ஒரு நிமிஷம் நின்று, அந்தப் பக்கெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். விரலை முக்கி, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் வண்டியை விடுங்கள். வழுக்காவிட்டால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.