பெட்டைக் குட்டியை மலையில் விடலாமா?

காலையில் பிரட்டுக்குப் போகும்போது வாசல்வரை வருவதும், அந்திக்குத் திரும்பும்போது வாலாட்டி நிற்பதும் நம் லயத்து நாய்தான். ஆனால் அது குட்டி போட்டால், பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுத் தேயிலை மலையில் விட்டு வருகிறோம். ஒற்றைக் காம்பராவில் பிள்ளைகளுக்கே இடமில்லை, உண்மைதான். ஆனாலும், விட்ட குட்டி சிறுத்தைக்கு இரையாகும். தப்பினால் தடுப்பூசி இல்லாமல் வளர்ந்து நம் பிள்ளையையே கடிக்கும். விசர்நோய் கண்டபின் பிழைப்பது மிக அரிது. கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வது பாவமில்லை. குட்டியை வீசுவதுதான் பாவம். ஒவ்வொரு டிவிஷனிலும் தடுப்பூசி, கருத்தடை முகாம் வேண்டுமென்று நம் தோட்டத் தலைவர்மார் மூலம் கேட்போம்.