அணையில் அடிக்கணக்கு, காலடியில் சாக்கடை

மேற்குத் தொடர்ச்சி மலை மழையைச் சமமாகப் பங்கிடுவதில்லை. மேற்கே கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றில் 41 அரபிக் கடலை நோக்கி ஓடுகின்றன. மழை மறைவான கிழக்குப் பக்கத்திலோ, வருஷநாட்டு மலையில் பிறக்கும் நம் வைகை சுமார் 258 கிலோ மீட்டர் ஓடியும், பல வருஷங்களில் கடலைக் காண்பதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வந்தாலே பெரிது.

இந்த ஆற்றுக்குத் துணை வந்தது பெரியாறு. 1876-78 பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்த பிறகே, ஏட்டில் கிடந்த பழைய திட்டத்தை வெள்ளைக்கார சர்க்கார் கையில் எடுத்தது. 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 வருஷத்துக்கு ஒப்பந்தம். 1887-ல் வேலை ஆரம்பம். 1895-ல் அணை திறப்பு. என்ஜினீயர் பென்னிகுயிக்கின் பெயரை இந்தச் சீமை நன்றியோடு சொல்கிறது, சொல்லட்டும். ஆனால் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலியாகி, அந்தக் காட்டிலேயே புதைந்தவர்கள் கூலி ஆட்கள். மலையைக் குடைந்து மேற்கே போன நீரைக் கிழக்கே திருப்பியது அவர்களுடைய கைகள்தான்.

அந்த நீரால்தான் இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரும், பெரியாறு இருபோகப் பகுதியில் 45,041 ஏக்கரும், மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பகுதிகளில் 1,05,002 ஏக்கரும் பாசனம் பெற வேண்டும். 1959-ல் காமராஜர் திறந்துவைத்த வைகை அணை இந்த நீரைத் தேக்கித் தருகிறது.

பெரியாறு அணையின் நீர்மட்டம் 1979-ல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006-லும், பின்னர் 2014-லும் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் இதைச் சாக்கிட்டு மலையாளி, தமிழன் என்று மூட்டிவிடுவோரை நம்பவும் முடியாது. 2011 டிசம்பரில் எல்லையில் பகை மூண்டபோது அடிபட்டதும், வேலை இழந்து ஓடிவந்ததும் யார்? ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன நம் பெண்கள். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் குடியிருப்போரிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் ஏராளம். அவர்களுடைய பாதுகாப்பும் நம் பிரச்னைதான்.

சரி, மலையில் ஒவ்வோர் அடிக்கும் கணக்குக் கேட்கும் நாம், நம் காலடியில் ஓடும் ஆற்றுக்குக் கணக்குக் கேட்டோமா?

கிருதுமால் நதியைப் பாருங்கள். நாகமலை அடிவாரத்தில் பிறந்து, துவரிமான் கண்மாய் வழியாக வந்து, மதுரையின் தென்பகுதியில் தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டிப் போகிறது. புராணம் பெயர் சொல்லும் ஆறு அது. இன்று வில்லாபுரம் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் கேட்டால், ‘பெரிய சாக்கடை’ என்பார்கள். ஆனால் அது நகரத்தோடு முடிந்துவிடுவதில்லை. சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் ஜில்லாக்களின் கண்மாய்களை நிரப்ப வேண்டிய ஆறு அது. கடைசியில் குண்டாற்றில் சேர்கிறது. நகரத்தின் கழிவு அதே வழியில்தான் கிராமத்துக்கு இறங்குகிறது.

ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குள் ஐப்பசி மழையில் புகுவது எந்தத் தண்ணீரோ, அதே தண்ணீரில்தான் கீழே விவசாயத் தொழிலாளி முழங்கால் அளவு நின்று நாற்று நட வேண்டியிருக்கிறது. கண்மாய் பெருகாவிட்டால் நிலச் சொந்தக்காரருக்கு ஒரு போகம் நஷ்டம், நிலம் மிஞ்சும். கூலிக்காரருக்கோ நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. மூட்டை கட்டித் திருப்பூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

ஏழை குடிசை போட்டதால்தான் நீர்நிலை போயிற்று என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். நாம் கேட்கிறோம்: தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சிக் கட்டடம் எழுப்பியது குடிசைவாசியா? உலகனேரிக் கண்மாயில் ஹைகோர்ட் கிளையை அமைத்தது யார்? பெரிய கட்டடத்துக்குக் கண்மாய் இடம் தரலாம். குடிசைக்கு மட்டும் புல்டோசர் வர வேண்டும் என்பது எந்த நியாயம்?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

ஒரு சொட்டுக் கழிவும் சுத்திகரிக்கப்படாமல் வைகையிலோ கிருதுமாலிலோ விழக் கூடாது. சாயக் கழிவானாலும், ஆஸ்பத்திரிக் கழிவானாலும், அதற்கான செலவை விடுகிறவரே ஏற்க வேண்டும்.

வரத்துக்கால்களை அளந்து கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றுவது பெரிய கையிலிருந்து ஆரம்பமாகட்டும். குடிசைவாசிகளுக்கு வேலைக்கு எட்டும் தூரத்தில் மாற்று வீடு தராமல் ஒரு கீற்றைக்கூடத் தொடக் கூடாது.

தூர்வாரும் வேலையைக் கிராமத்துக் கூலி ஆட்களுக்கே, நியாயமான கூலியில் கொடுக்க வேண்டும்.

விரகனூர் மதகணையிலிருந்து கிருதுமாலுக்குத் தண்ணீர் விடும்போது கடைமடைக் கண்மாய் வரை போய்ச் சேர்ந்ததா என்பதை விவசாயத் தொழிலாளர் பிரதிநிதிகளும் உடனிருந்து பார்க்க வேண்டும்.

இவற்றுக்காக நகரத் தொழிற்சங்கமும் கிராமத்து விவசாயத் தொழிலாளர் சங்கமும் தனித்தனியே மனுக் கொடுத்துக்கொண்டிருந்தால் பலிக்காது. ஆற்றின் மேல்கரையிலும் கீழ்க்கரையிலும் இருக்கிறவர்கள் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். ஒரே நாளில் கலெக்டர் ஆபீஸ் முன் நிற்க வேண்டும். மழைக்காலம் வருமுன் அந்த வேலையைத் துவக்குவோம்.